கார் ஏசி கம்ப்ரசர் எடுக்கவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் கடலூரில் எங்கள் பட்டறை வாசலில் காலை எட்டு மணிக்கே கார்கள் வந்து நிற்கும். இறங்கி வருபவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, கம்ப்ரசர் எடுக்கல. கேஸ் தீர்ந்துடுச்சு போல, போட்டு விட்டுடுங்க."

கேஸ் குறைந்தால் ஏசி சரியாகக் குளிராது என்பது உண்மைதான். ஆனால் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் அடியோடு எடுக்காமல், அதாவது ஓடவே தொடங்காமல், போவது வேறு சங்கதி. பெரும்பாலான கார்களில் கேஸ் அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால்தான் பிரஷர் சுவிட்ச் கரண்டை வெட்டும். ஆர் 134 ஏ கேஸ் உள்ள கார் சும்மா நிற்கும்போது, 30 முதல் 35 டிகிரி வெயிலில், பைப்புக்குள் 95 முதல் 115 பிஎஸ்ஐ வரை இருக்கும். ஆக, கேஸ் கணிசமாகக் குறைந்திருந்தாலும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் முதலில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டும், சில நொடியில் விடும், மறுபடி ஒட்டும், குளிர்ச்சி போதாது. ஒட்டவே ஒட்டவில்லை என்றால் கேஸ் ஏறக்குறைய முழுதும் வெளியேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்க வேண்டும். நேற்று சாயங்காலம் வரை ஜில்லென்று இருந்த வண்டி இன்று காலை எடுக்கவில்லை என்றால் நான் முதலில் கையில் எடுப்பது பல்பும் வயரும்தான், கேஸ் சிலிண்டர் அல்ல.

கீழே சொல்லும் வரிசையில் பார்த்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். மீதிக்குப் பட்டறைக்குப் போனாலும், எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பீர்கள்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் ஓடும்போது பானெட்டுக்குள் குனிகிறீர்கள் என்றால் தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி, தொங்கும் துப்பட்டா எதுவும் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். கேஸ் பைப்பில் உள்ள வால்வு பின்னை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி 'கேஸ் இருக்கா' என்று பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. இந்தக் கட்டுரை பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசருக்கு மட்டும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று ஹோல்டரோடும் இரண்டு நீள ஒயரோடும், நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு ஒயர், சந்து அளக்கும் மெல்லிய தகடுகளான ஒரு ஃபீலர் கேஜ். பல்ப் எதற்கு என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்கு மீட்டரைவிட அதன்மேல்தான் நம்பிக்கை.

முதல் படி: கேளுங்கள், பாருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். புளோவரை இரண்டில் வைத்து, குளிர்ச்சியை முழுதாகத் திருப்பி, ஏசி பட்டனை அழுத்துங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பட்டனைப் போட்டு அணைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பானெட் பக்கம் நில்லுங்கள்.

கம்ப்ரசரின் முகத்தில் இரண்டு பாகம் தெரியும். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் வட்டமான தகடு ஒன்று, அதுதான் கிளட்ச் பிளேட். ஏசி போடாதபோது அது அசையாமல் நிற்கும். பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் காயிலுக்கு 12 வோல்ட் போய், காந்தமாகி, பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். 'டக்' என்று தெளிவான சத்தம் கேட்கும், எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து எழும். இந்த 'டக்' வரவில்லை என்றால்தான் நாம் சொல்லும் கோளாறு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. புல்லியோடு சேர்ந்து நடுப்பாகமும் எப்போதும் சுற்றும், இடையில் சந்து இருக்காது. 'டக்' சத்தம் எதிர்பார்க்கவும் கூடாது. அதில் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைப்பது பின்னால் உள்ள கண்ட்ரோல் வால்வு. அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்கேனர் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது.

பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஏசி பட்டனில் விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா என்றும் பாருங்கள். மினுக்கினால் சில மாடல்களில் அது கோளாறு அறிவிப்பு. அப்புறம் புளோவர். பல கார்களில் புளோவர் ஓடாவிட்டால் ஏசிக்கு அனுமதியே கிடைக்காது. காற்றே வராத வண்டியில் கம்ப்ரசரைத் தேடிப் பயனில்லை.

இரண்டாம் படி: ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கும். ஏசி ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடுங்கள். அதுவும் உடனே போனால் காயிலோ ஒயரோ ஷார்ட் ஆகியிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டினால் ஒயர் எரியும்.

ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதற்கு எளிய வழி, அதே எண் உள்ள இன்னொரு ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஹார்ன் ரிலே பல வண்டிகளில் ஒத்துவரும். மேலே விரல் வைத்துக்கொண்டு ஏசியைப் போட்டால் துடிப்பு தெரியும். துடித்தும் கம்ப்ரசர் எடுக்கவில்லை என்றால் ரிலேவுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். துடிக்கவே இல்லை என்றால் கட்டளையே வரவில்லை.

மூன்றாம் படி: கம்ப்ரசர் வரை கரண்ட் வருகிறதா?

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இரண்டாகப் பிரிகிறது. கம்ப்ரசருக்குப் போகும் கப்ளரை, அதாவது ஒயர் செருகும் இணைப்பைக் கண்டுபிடியுங்கள். சில வண்டியில் ஒரு ஒயர்தான் இருக்கும், எர்த் கம்ப்ரசர் உடம்பு வழியாகவே போகும். சிலவற்றில் இரண்டு ஒயர். எஞ்சினை அணைத்து கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து முனையில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஒற்றை ஒயர் என்றால் பல்பின் மறுமுனையை எஞ்சின் உடம்பில் வையுங்கள். ஒயர்கள் பெல்ட்டில் படாமல் ஒதுக்கிக் கட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள்.

பல்ப் பளிச்சென்று எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, கோளாறு கம்ப்ரசரில் அல்லது அதன் எர்த்தில். எரியவில்லை என்றால் வரும் வழியில்.

மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கார் வந்தது. வீடு கடற்கரையை ஒட்டி, வண்டி எப்போதும் வெளியே நிற்கும். ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்து 'கரண்ட் வருது, கம்ப்ரசர் போச்சு' என்று சொல்லியிருந்தார்கள். நான் மீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட் காட்டியது. பல்பை மாட்டினேன், இழைகூடச் சிவக்கவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். கப்ளருக்கு நாலு விரற்கடை பின்னால் ஓர் இடம் மட்டும் கொழகொழவென்று இருந்தது. உறையைக் கீறினால் உள்ளே தாமிரம் இல்லை, பச்சைப் பொடி. பத்துப் பதினைந்து இழையில் ஒன்றிரண்டுதான் மிச்சம். மீட்டருக்கு அந்த ஓர் இழை போதும், வோல்ட்டைக் காட்டிவிடும். காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் வேண்டும், அந்த இழையால் தர முடியாது. ஒரு சாண் ஒயர் மாற்றினோம், கம்ப்ரசர் எடுத்தது. கடலோர ஊரில் இருப்பவர்கள் பல்பு வைத்துப் பார்க்காமல் கம்ப்ரசர் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இந்த பல்பை சென்சார் ஒயர்களிலோ எஞ்சின் கம்ப்யூட்டர் ஒயர்களிலோ மாட்டக் கூடாது. அங்கே மீட்டர் மட்டும்தான்.

கரண்ட் வருகிறது, பிளேட் ஒட்டவில்லை என்றால்

முதலில் எர்த். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது, இரண்டு நாள் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. அவற்றில் சில உடனே கெடவில்லை. மாதங்கள் கழித்து எர்த் போல்ட் துருவேறி ஏசி நின்றது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

அடுத்து காயில். எஞ்சினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, ஓம் பாருங்கள். பெரும்பாலான 12 வோல்ட் காயில்கள் 3 முதல் 5 ஓம் வரை காட்டும். மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட். காயில் தனியாகக் கிடைக்கும் மாடல்களுக்கு முழு கம்ப்ரசர் மாற்றத் தேவையில்லை. கேஸை வெளியேற்றாமலே முன்பக்கத்தைப் பிரித்து மாற்றலாம், கை நுழைய இடம் இருந்தால் போதும்.

ஓம் சரியாக இருக்கிறதா? எஞ்சின் அணைந்திருக்கும்போதே, ஃபியூஸ் வைத்த அந்தத் துண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராகக் கரண்ட் கொடுங்கள். இரண்டு ஒயர் காயிலில் பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலேயே கொடுக்க வேண்டும், சிலவற்றில் டயோடு இருக்கும். 'டக்' என்று பிளேட் உள்ளே போனால் காயில் வேலை செய்கிறது. இதை எஞ்சின் ஓடும்போது நெடுநேரம் செய்யாதீர்கள். கேஸோடு சேர்ந்துதான் எண்ணெய் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரசர் வறண்டு தேயும்.

இனி சந்து. பிளேட்டுக்கும் புல்லிக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டும். துல்லியமான அளவு அந்தந்த கம்ப்ரசரின் கையேட்டில் இருக்கும். ஓடி ஓடி முகம் தேய்ந்தால் சந்து அகலமாகும், காந்தத்தால் எட்டி இழுக்க முடியாது. அதுவும் சூட்டில்தான் தகராறு. காயில் சூடானால் அதன் ஓம் ஏறும், காந்தம் தளரும். பாண்டியிலிருந்து சென்னைக்கு ஈசிஆரில் போய்வரும் வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. "மரக்காணம் தாண்டுற வரைக்கும் பனிக்கட்டி மாதிரி வருது. அதுக்கப்புறம் சூடு. டீ குடிச்சிட்டு அரை மணி கழிச்சுக் கிளம்புனா திரும்ப ஜில்லுன்னு வருது." இந்த வார்த்தையைக் கேட்டதுமே சந்து என்று எடுத்துக்கொள்ளலாம். உறுதிசெய்ய அவரை அரை மணி நேரம் ஓட்டிவரச் சொன்னோம். எடுக்காத நேரத்தில் எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, காயிலுக்கு நேர் கரண்ட் கொடுத்தோம். பிளேட் அசையவில்லை. விரலால் மெல்லத் தள்ளியதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. கேஜில் 0.9 மி.மீ. வந்தது. நடு போல்டைக் கழற்றி, பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினோம். புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை. எல்லா ஷிம்மும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் பிளேட் செட் மாற்ற வேண்டும்.

கடைசியாக, எஞ்சின் அணைந்திருக்கையில் பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சீராகச் சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் உள்ளே இறுகிவிட்டது, ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள். இறுகிய கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே அரைந்த தூள் பைப்பெல்லாம் பரவியிருக்கும். லைனைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் நிலைமையையும் பார்த்துத்தான் புதியதை ஏற்ற வேண்டும்.

கரண்ட் வரவில்லை என்றால்

வழி நீளமானது. ஏசி பட்டன், புளோவர், கேபின் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலின் வெப்ப சென்சார், பிரஷர் சுவிட்ச், எஞ்சின் கம்ப்யூட்டர், ரிலே. எங்கே அறுந்தாலும் கரண்ட் நின்றுவிடும்.

வழியைச் சுருக்க ஒரு குறுக்குச் சோதனை. ரிலேவைக் கழற்றி, அதன் அடியில் 30, 87 என்று குறித்த கால்களுக்கு உரிய துளைகளை ஃபியூஸ் ஒயரால் சில நொடி மட்டும் இணையுங்கள். கம்ப்ரசர் 'டக்' என்று எடுத்தால் ரிலேவிலிருந்து கம்ப்ரசர் வரை எல்லாம் சரி, பிரச்சினை கட்டளை கொடுக்கும் பக்கம். எடுக்காவிட்டால் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. ரிலேவில் எண்கள் வேறு மாதிரி இருந்தால் பக்கத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஊகித்துக் குத்தாதீர்கள்.

ஒயர் அறுப்பதில் எங்கள் பக்கம் முதல் ஆள் எலிதான். பாகூர் வயல்வெளிப் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், எஞ்சின் சூடு அதற்கு இதமான இடம். அங்கிருந்து வந்த ஒரு வண்டியில் இரண்டு முறை கேஸ் போட்டும் கம்ப்ரசர் எடுக்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால், கண்டன்சர் ஓரம், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் ஒயர் வெள்ளையாகக் கொறிக்கப்பட்டிருந்தது. கீழே ட்ரேயில் வைக்கோலும் எலிப் புழுக்கையும் கிடந்தன. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அந்த இரண்டு கேஸ் காசும் மிஞ்சியிருக்கும்.

இப்போதுதான் கேஸின் முறை. காலையில் எஞ்சின் ஸ்டார்ட் செய்யாமல், இரவு முழுக்க நின்ற வண்டியில் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். அதில் உள்ள இரண்டு அழுத்த மீட்டரும் ஒரே அளவு காட்டும். 30 டிகிரி இருக்கும்போது 95 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் இருந்தால், கம்ப்ரசர் எடுக்காததற்குக் கேஸ் காரணம் இல்லை. ஆனால் கேஸ் நிறைய இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் அதே அளவுதான் காட்டும். 50க்குக் கீழே என்றால் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது. 28க்கும் கீழே என்றால் சுவிட்ச் வெட்டியது நியாயம்தான், கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் வெட்டியிருக்கிறது.

கேஸ் போய்விட்டது என்றால் அது எங்கேயோ ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் எங்கே இருக்கிறதோ அங்கே தேடுங்கள். கண்டன்சரின் கீழ்ப்பகுதி, பைப் இணைப்புகளின் ஓ ரிங், கம்ப்ரசர் முன் சீல், கூலிங் காயில். உப்புக் காற்றில் கண்டன்சரின் அலுமினியத் தகடுகள் மாவாக உதிர்வதைக் கடலூர், புதுச்சேரி வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் இழுத்து, அது இறங்காமல் நிற்கிறதா பார்த்து, பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடைபோட்டு கேஸ் ஏற்ற வேண்டும். ஈரக்காற்று மிகுந்த ஊர் என்பதால் லைன் நெடுநேரம் திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கரில் ஆர் 1234 ஒய்எஃப் என்றிருந்தால் ஆர் 134 ஏ போட விடாதீர்கள்.

சுவிட்ச் அழுத்தம் அதிகமானாலும் வெட்டும், சுமார் 450 பிஎஸ்ஐயில். கண்டன்சர் ஃபேன் ஓடாததும், கேஸை அளவுக்கு மேல் அமுக்கியதும் வழக்கமான காரணங்கள். நெடுஞ்சாலையில் எடுத்து, புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். கேஸ் அழுத்தம் சரியாக இருக்கும்போது இரண்டு ஒயர் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி ஒரு கணம் இணைத்துப் பார்க்கலாம், எடுத்தால் சுவிட்ச் பழுது. அப்படியே இணைத்துவைத்து ஓட்டக் கூடாது. மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் சென்சார், அதை எதோடும் இணைக்கவே கூடாது.

வெப்ப சென்சார், கூலிங் காயில் உறைந்துவிடாமல் இருக்க சுமார் 3 டிகிரியில் கம்ப்ரசரை நிறுத்தும். அது பழுதானால் கேபின் கொதிக்கும்போதும் 'உறைந்துவிட்டது' என்று தவறாகச் சொல்லும். எஞ்சின் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு, எஞ்சின் அதிகம் சூடானாலும், பேட்டரி வோல்ட் தாழ்ந்தாலும், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் ஏசியைத் தடுக்கும். இங்கே ஸ்கேனர் மாட்டுவதுதான் சுருக்கு வழி. ஏசி கேட்பு வருகிறதா, ரிலேவுக்குக் கட்டளை போகிறதா, அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்ற மூன்று வரியைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் காட்டும் அழுத்தமும் கேஜ் காட்டும் அழுத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால் சென்சார்தான் பொய் சொல்கிறது.

சரியான பிறகு

வண்டியைக் கால் மணி நேரம் ஐடிலில் விட்டு 'டக்' சத்தத்தை எண்ணுங்கள். சில நொடிக்கு ஒரு முறை ஒட்டி ஒட்டி விடுபட்டால் கேஸ் இன்னும் குறைவு. குளிர்ந்த பைப்பில் நீர் முத்துகள் பூக்க வேண்டும். பிறகு கடலூரிலிருந்து தவளக்குப்பம் வரை மதிய வெயிலில் ஓட்டிப் போய்த் திரும்புங்கள். காலையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் சூட்டில் வரும் கோளாறு தெரியாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை கண்டன்சரை நல்ல தண்ணீரால் மெதுவான வேகத்தில் அலசிவிடுங்கள். கம்ப்ரசர் கப்ளரிலும் பிரஷர் சுவிட்ச் கப்ளரிலும் எலக்ட்ரிக்கல் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசியே வேண்டாம் என்று தோன்றும். அந்த மாதங்களிலும் வாரத்துக்குப் பத்து நிமிடம் போட்டு ஓட்டுங்கள். எண்ணெய் சுற்றி வந்து முன் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும், கண்ணாடியில் படியும் ஆவியும் விலகும்.